கூத்தர்கள் வரும் வழி

இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில் தவறாமல் சொல்லப்படும் ஒருவகைக் கதை உண்டு. கலைஞர்கள் நிகழ்ச்சிக்கு வந்துசேர்ந்த கதை. ரயிலைத் தவறவிட்ட ராஜபார்ட் லாரியில் ஏறி வந்து விடியும்வரை பாடினார். மாட்டுவண்டி குடைசாய்ந்து தவில் உருண்டோடியது, அப்படியும் வித்வான் மேளக்கட்டை விடவில்லை. நள்ளிரவில் வழிதவறி வேறு ஊர்த் திருவிழாவில் போய் இறங்கிய குழு அங்கேயே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்தது. கேட்கிற நாம் சிரிக்கிறோம், பிறகு நெகிழ்கிறோம். 'அந்த அர்ப்பணிப்பு இப்போது ஏது' என்ற பெருமூச்சோடு கதை முடிகிறது. இத்தகைய கதைகளை நாங்களும் நிறையச் சொல்லியிருக்கிறோம். இனிச் சொல்லுமுன் சற்றுத் தயங்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குத் திருப்புட்குழியில் ஓர் இரவில் ஏற்பட்டது.

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. வைணவர்களின் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. 'புள்' என்றால் பறவை. சீதையைக் காக்கப் போராடி வழியில் சிறகிழந்து வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். இங்கே யாதவப்பிரகாசரிடம்தான் இராமானுசர் பாடம் கேட்டார் என்பார்கள். அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பாரதம் நடந்துகொண்டிருந்தது. திரௌபதி அம்மன் திருவிழாவில் ஓர் இரவுக்கான கூத்தை ஏற்பாடு செய்யும் பொறுப்பை ஊர்ப் பெரியவர்கள் எங்கள் வாசகர் குழுவிடம் விட்டிருந்தார்கள். செய்யாறு பக்கத்திலிருந்து பதினான்கு பேர் கொண்ட கட்டைக்கூத்துக் குழு வருவதாகப் பேச்சு. 'கர்ண மோட்சம்' ஆடவேண்டும். மாலை ஏழு மணிக்கு வந்து, சாப்பிட்டு, பத்து மணிக்குக் களரி கட்டவேண்டும்.

எட்டு மணிவரை யாரும் வரவில்லை. நாங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் வந்து நின்றுகொண்டோம். முதல்நாள் இரவு அவர்கள் வேறோர் ஊரில் விடியவிடிய ஆடியிருக்கிறார்கள்; பகலில் ஒரு கருமக் கூத்துக்கு முன்பணம் வாங்கப் போயிருக்கிறார்கள்; அங்கிருந்து நேராகக் கிளம்பிய வேன், பாலாற்றுக்குத் தென்கரையில் டயர் வெடித்துச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. இவையெல்லாம் பிறகு தெரிந்தவை. அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது, ஆட்டக்காரர்கள் வரவில்லை. குழுவின் வாத்தியாருக்கு நாங்கள் பதினோரு முறை தொலைபேசினோம். பதினோரு முறையும் கேட்டது ஒரே கேள்வி, 'எங்கே இருக்கிறீர்கள்?' யாருக்காவது அடிபட்டதா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இதை இங்கே எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பத்தரை மணிக்கு ஷேர் ஆட்டோ ஒன்றில் நால்வர் வந்து இறங்கினார்கள். மடியில் முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியப் பெட்டி, தாளம். வாத்தியாரும் அவர்களுள் ஒருவர். "லேட்டுதான் சார், பொறுத்துக்கணும். சாப்பாடு அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு நேரே களத்துக்குப் போனார். வழக்கமாக அரைமணி நேரம் நீளும் களரிக் கட்டு அன்று இரண்டு மணி நேரம் நீண்டது. கூட்டம் அதை ஒரு சிறப்பு நிகழ்ச்சியாகவே எண்ணிக்கொண்டது. எங்களில் ஒரு நண்பர், முகவீணையை இவ்வளவு விரிவாகத் தாம் கேட்டதே இல்லை என்று பரவசப்பட்டார். ஊதியவர் மதியத்திலிருந்து சாப்பிடவில்லை என்பதை விடிந்த பிறகுதான் அறிந்தோம்.

மற்றவர்களும் கட்டைகள் இருந்த பெட்டியும் வந்துசேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. மணல் ஏற்றப்போன காலி லாரி ஒன்று இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. பொன்னுருவி வேடம் கட்டவேண்டிய இளைஞரின் இடது உள்ளங்கையில் சக்கரம் கழற்றும்போது கிழித்த காயம். துணியைச் சுற்றிக்கொண்டு அதன்மேல் வளையல்களை ஏற்றினார். திரைக்கு முன்னால் வந்த கட்டியங்காரன், "கர்ண மகாராசாவோட தேர்ச் சக்கரம் விடியக்காலம்தான் பூமியில அழுந்தணும். இன்னிக்கி பாரு, ராத்திரியே பாலாத்தங்கரையில அழுந்திப்போச்சு!" என்றார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். விடிந்ததும், தாமதத்துக்காக ஊரார் பேசிய தொகையில் இரண்டாயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தோம். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் எங்களுக்குப் பத்துப்பாட்டு நினைவுக்கு வருகிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை உடைய அந்தத் தொகையில் பத்தில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படையை விலக்கினால் மற்ற நான்கும் கலைஞர் குழுக்கள் வழிநடந்து போவதைப் பற்றியவை. பொருநர், பாணர், கூத்தர், விறலியர் என்று குழுவாக, குழந்தைகளோடும் கருவிகளோடும் போகிறவர்களை, பரிசில் பெற்றுத் திரும்பும் வேறொரு கலைஞன் எதிர்ப்பட்டு வழி சொல்லி அனுப்புவதே அவற்றின் அமைப்பு. உலக இலக்கியத்தில் கலைஞர்களின் பயணத்தையே ஓர் இலக்கிய வகையாக ஆக்கிய மொழிகள் மிகச் சிலவே இருக்கக்கூடும். நாம் அவற்றைப் புரவலர் புகழாகவும் நிலவருணனையாகவும் படித்துத் தேர்வெழுதி மறந்துவிட்டோம். அவை முதலில் வழிக்குறிப்புகள்; கலைஞர்கள் உயிரோடும் உடையாத கருவியோடும் போய்ச்சேர்வதற்கானவை.

கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெற்ற மலைபடுகடாத்தைப் பாருங்கள். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தர்களுக்காகப் பெருங்கௌசிகனார் பாடியது. தொடக்கத்திலேயே கூத்தர்கள் சுமந்து செல்லும் கருவிகள் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன: முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல் என்று நீள்கிறது அந்தப் பட்டியல். பிறகு வழியின் ஆபத்துகள். பன்றிகளுக்காகக் கற்பொறி வைத்திருக்கிறார்கள், இருள் நீங்கிய பிறகு செல்லுங்கள். பாம்புகள் ஒடுங்கியிருக்கும் குழிகள் உண்டு, பார்த்து நடங்கள். தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கற்கள் வரும், மரங்களின் பின் ஒதுங்கிப் போங்கள். பாறை வழுக்கும், பற்றிக்கொண்டு ஏறுங்கள். எங்களை எப்போதும் அசைத்துவிடும் ஓரிடமும் அதில் உண்டு. வழிகள் கிளை பிரியும் இடங்களில், பின்னால் வருகிறவர்கள் தவறான தடத்தில் போய்விடாதபடி புல்லை முடிந்து அடையாளம் இட்டுவிட்டுப் போங்கள் என்கிறார் புலவர்.

திருப்புட்குழிக்காரர்கள் சொந்தம் கொண்டாடக்கூடியது பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணர்களை வழிப்படுத்தும் 500 அடிப் பாட்டு. இந்த வட்டாரத்துக்கு நிகழ்ச்சிக்காக வருகிற குழுவுக்கு எழுதப்பட்ட முதல் வழிகாட்டி அதுவே எனலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அரசனைப் புகழத் தேர்ந்தெடுக்கும் செய்திகளுள் ஒன்று கவனிக்கத் தக்கது. அவன் நாட்டில் வழிப்போக்கரைத் தாக்கிப் பொருளைப் பறிக்கும் கொடியவர் இல்லை, இடி வீழ்ந்து வருத்தாது, பாம்பு கொல்லாது, காட்டு விலங்கு துன்புறுத்தாது, ஆகவே விரும்பிய இடத்தில் இளைப்பாறி, விரும்பிய இடத்தில் தங்கிச் செல்லலாம். அரசன் ஒருவனுக்குப் பெருமையாகச் சொல்லத்தக்கது, அவனிடம் வருகிற பாணனின் வழி பாதுகாப்பாக இருப்பது! திரும்பும் வழிக்கும் முறை இருந்தது. பொருநராற்றுப்படையில் கரிகாலன், விடைபெறும் பொருநனை நான்கு வெண்குதிரைகள் பூட்டிய தேரில் ஏற்றி, ஏழடி பின்னால் நடந்துசென்று வழியனுப்புகிறான்.

இவையெல்லாம் புலவர்களின் உயர்வுநவிற்சி என்று ஒருவர் சொல்லலாம். அதிலும் உண்மை உண்டு. இடிகூட வீழாத நாடு எங்கும் இருந்திருக்காது. ஆனால் ஒரு சமூகம் எதை மிகைப்படுத்திப் பெருமைப்பட்டுக்கொண்டது என்பதே அதன் மதிப்பீட்டைச் சொல்லிவிடுகிறது. கலைஞன் வந்துசேரும் வழி அழைத்தவனின் பொறுப்பு என்ற எண்ணம் அந்தப் பாட்டுகளின் அடியில் ஓடுகிறது. பின்னாளில் அரசர்கள் போனபோதும் சத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் சுமைதாங்கியும் இருந்தன. பாலுசெட்டி சத்திரம் என்ற ஊர்ப்பெயர் அந்த ஏற்பாட்டின் எச்சம். இன்று அதே சாலையில் வண்டிகள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. விடியவிடிய ஆடிக் களைத்த பதினான்கு பேர் காலையில் கால்நீட்டிப் படுக்க ஓர் இடம் தேடினால் ஊர்ப்பெயரில் மட்டும்தான் சத்திரம் இருக்கிறது.

இப்போது நடைமுறையில் உள்ள ஏற்பாடு எளிமையானது. 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று ஒரு தொகை பேசப்படுகிறது. வண்டி, டீசல், வழிச் சாப்பாடு, பெட்டி தூக்கக் கூலி, எல்லாம் அதற்குள் அடக்கம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் இதன் பொருள், வழியில் எது நடந்தாலும் அதன் விலையைக் கலைஞரே கொடுக்கவேண்டும் என்பது. நல்ல வேன் வைத்தால் கூலி குறையும். ஆகவே பழைய வேன். தங்கினால் அடுத்த ஊர் போய்விடும். ஆகவே தூங்காத ஓட்டுநர். பங்குனியிலிருந்து ஆவணிவரைதான் பெரும்பாலான வருமானம். ஆகவே அடுத்தடுத்த இரவுகள். டயர் வெடித்ததைத் தற்செயல் என்று நாங்கள் அன்று நினைத்தோம். நாங்கள் பேசிய தொகையிலேயே அந்தத் தேய்ந்த டயரும் அடக்கம் என்பது மெல்லத்தான் விளங்கியது.

தென்மாவட்டத்து ஸ்பெஷல் நாடகத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அங்கே நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே பேசப்பட்டு, தனித்தனியே பயணம் செய்து, அந்த இரவில் மேடையில்தான் சந்திக்கிறார்கள். அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் இவர்களிடையே வாழ்ந்து எழுதிய ஆய்வுநூல் 2005-ல் வெளியானது. மேடைக்கு இணையாகச் சாலையையும் அதில் அவர் ஆராய்ந்திருக்கிறார். இரவில் வெளியூர் போகும் பெண் என்பதாலேயே வரும் பழிச்சொல்லிலிருந்து தப்பிக்க, நடிகைகள் பொதுவழியில் தமக்கென ஒரு மறைவை எப்படியெல்லாம் உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்பதை அதில் படிக்கலாம். பேருந்துக்குக் காத்திருப்பதுகூட அவர்களுக்கு ஒரு வேலை. அதற்குச் சம்பளம் இல்லை.

கருவியே இடையூறாக மாறும் பயணங்களும் உண்டு. 2023 மே மாதம், திருநெல்வேலியில் கல்லூரி நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்டு திரும்பிய மாணவி ஒருவர், பறைகளோடு ஏறினார் என்பதற்காக அரசுப் பேருந்திலிருந்து நடுவழியில் இறக்கிவிடப்பட்டார். செய்தி பரவிக் கண்டனம் எழுந்தது. அதே பேருந்தில் வீணையோடு ஒருவர் ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். வழி எல்லோருக்கும் ஒரே அளவு நீளமாக இருப்பதில்லை. சாதி அதை நீட்டுகிறது. பெண் என்றால் இன்னும் நீளும்.

இது நம் ஊர் வறுமைக்கு மட்டும் உரிய சங்கதி என்றும் சொல்லிவிட முடியாது. 1959-ல் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் பட்டி ஹாலி உள்ளிட்ட இளம் பாடகர்கள் சென்ற சுற்றுப்பயணத்தில் 24 நாள்களில் 24 ஊர்கள். தூரத்தைப் பாராமல் முன்னும் பின்னுமாக வகுக்கப்பட்ட பாதை. கடுங்குளிரில் பேருந்துகள் அடுத்தடுத்துப் பழுதாயின. வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. தாளக்கலைஞர் கால்கள் உறைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இன்னோர் இரவு அந்தப் பேருந்தில் போக மனமில்லாமல் ஹாலி ஒரு சிறு விமானத்தை வாடகைக்கு அமர்த்தினார். பிப்ரவரி 3 அதிகாலையில் அது விழுந்து நொறுங்கியது. ஹாலி, ரிச்சி வேலன்ஸ், ஜே. பி. ரிச்சர்ட்சன், விமானி என நால்வரும் இறந்தனர். ஹாலிக்கு வயது 22, வேலன்ஸுக்கு 17. அன்று மாலை அடுத்த ஊரில் நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை. உள்ளூர் இளைஞர்களைக் கொண்டு நடத்தினார்கள். பிற்காலம் அந்த நாளை இசை இறந்த நாளென்று காவியமாக்கியது. காவியத்தில் விதி இருக்கிறது; பழுதான வெப்பமூட்டியும் பாதையை அப்படி வகுத்த பயணத்திட்டமும் இல்லை.

எங்கள் தயக்கம் இதுதான். விபத்தைக் கதையாக்கும்போது காரணம் மறைந்துவிடுகிறது. அர்ப்பணிப்பு என்று நாம் புகழ்வதில் பாதி, அழைத்தவர்களின் அலட்சியத்தைக் கலைஞர்கள் தம் உடம்பால் ஈடுகட்டியது.

எதிர்வாதம் உண்டு. கூத்துக்குழு என்பது ஒரு தொழில்; நேரத்துக்கு வருவது தொழில்தர்மம்; சமையற்காரரும் பந்தல்காரரும் தாமதித்தால் பணம் பிடிக்கத்தானே செய்கிறோம் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்களிடம் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. கலைஞர்களைப் புனிதர்களாக்கிக் கணக்கிலிருந்து விடுவிக்கவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. கணக்கை முழுதாகப் போடவேண்டும் என்கிறோம். பந்தல்காரர் முதல்நாள் இரவெல்லாம் வேறோர் ஊரில் விழித்திருந்துவிட்டு வருவதில்லை. மேடையில் நிற்கும் எட்டு மணி நேரத்துக்கு விலை பேசுகிற நாம், அதற்கு முன்னும் பின்னும் உள்ள பயணத்தை விலையில்லாததாக வைத்துக்கொண்டு, அதில் ஏற்படும் நட்டத்தை மட்டும் கணக்கில் கொண்டுவருகிறோம்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் கூறமுடியாது. 2007-ல் அமைக்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அடையாள அட்டை தருகிறது. அட்டை உள்ளவர்களுக்குப் பேருந்துக் கட்டணச் சலுகையும், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு நிதியுதவியும் உண்டு. ஆனால் இரவு இரண்டு மணிக்கு எந்தப் பேருந்து இந்தச் சிற்றூர்களுக்கு வருகிறது? கலைஞர்கள் தாமே திரள்வதும் புதிதன்று. பெருங்கட்டூர் ராஜகோபால் முதலானோரின் முயற்சியில் 1990-ல் உருவான கட்டைக்கூத்துச் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இயங்கியது. மீதமிருப்பது அழைக்கிறவர்களின் பங்கு. அதாவது கோயில் கமிட்டிகள், கல்லூரிகள், எங்களைப் போன்ற வாசகர் குழுக்கள்.

செய்யவேண்டியவை பெரிய காரியங்களல்ல. பயணச் செலவைக் கூலியிலிருந்து பிரித்துத் தனியே பேசலாம். முடிந்தால் வண்டியை நாமே அனுப்பி நாமே கொண்டுவிடலாம். ஆட்டம் முடிந்த காலையில் பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ நான்கு மணி நேரம் படுக்க இடம் கொடுத்து, ஓட்டுநரையும் தூங்கவைத்து அனுப்பலாம். வழியில் நேர்ந்த தாமதத்துக்குப் பணம் பிடிப்பதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஊர் தெரிந்த ஒருவரைப் பாதிவழிவரை அனுப்பலாம். ஆற்றுப்படுத்துவது என்பது அதுதானே. புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகர் தம் வண்டியின் கீழ் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதைச் சொல்கிறார். மேடும் பள்ளமும் வருமென்று அறிந்தவர்கள் செய்யும் ஏற்பாடு அது. கூத்து நடத்துகிறவர்களின் வரவுசெலவுக் கணக்கில் சேம அச்சுக்கு ஒரு வரி வேண்டும்.

ஒரு மாதம் கழித்து, பிடித்துக்கொண்ட இரண்டாயிரத்தை எங்களுக்குள் திரட்டிக்கொண்டு வாத்தியாரைப் பார்க்கப் போனோம். காயம்பட்ட இளைஞரின் கை ஆறியிருந்தது. வாத்தியார் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார்; பணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. "பேசுன பேச்சு ஊரோட சார். இப்ப நீங்க குடுத்தா அது தருமமாயிடும். அடுத்த தபா பேசும்போதே இத்தையும் சேத்துப் பேசிடுங்க, அது கூலி" என்றார். நாங்கள் பணத்தோடு திரும்பினோம். அடுத்த ஆண்டு தாம்பூலம் மாற்றும்போது, வண்டிச் செலவு, காலைத் தங்கல், தாமதம் ஆகிய மூன்றையும் ஊரார் முன்னிலையில் முதலில் பேசினோம். தொகை நான்காயிரம் கூடியது. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள்.